ஜாத்திரையில நான் புடிச்ச கை

திருப்பதியில நான் சல்சா கத்துக்கப் போனத எங்க வூட்டுல யாரும் மன்னிக்கல. மன்னிக்கச் சொல்லி நானும் கேக்கல.

நகரியில பவர்லூம் சத்தத்துல வளந்தவ நான். கல்யாணம் கட்டிக்கினு திருப்பதிக்கு வந்து, ஒரு லேப்ல ரத்தம் எடுக்குற வேல பாத்துக்கினு இருக்கேன். நாளெல்லாம் கைங்களப் புடிக்கிறதுதான் என் பொழப்பு. ஆம்பள கை, பொம்பள கை, ஊசியப் பாத்ததும் வேர்த்துப்போற போலீஸ்காரர் கை. அதுக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. சம்பளம் வருது இல்ல, எப்பிடிச் சொல்லுவாங்க?

கூட வேல பாக்குறவ ஒருத்தி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பைக் ஷோரூமுக்கு மேல இருக்குற ஹாலுக்கு என்ன இழுத்துக்கினு போனா. பெங்களூருல கத்துக்கினு வந்த தெலுங்குப் பொண்ணு ஒண்ணு அங்க சொல்லித் தருது. ரெண்டு ரெண்டு பேரா கையப் புடிச்சிக்கினு ஆடுற ஆட்டம். ஒருத்தர் நடத்தணும், இன்னொருத்தர் கூடப் போவணும். வழக்கமா ஆம்பளதான் நடத்துவாங்களாம். அங்க வந்ததுல முக்காவாசி பொம்பளைங்க, நான் வேற நெட்ட. அதனால என்ன நடத்தச் சொல்லிட்டு, பேங்க்ல வேல பாக்குற ஒரு குள்ளமான மனுசர எனக்கு ஜோடியா நிறுத்திட்டாங்க.

எனக்கு ஆட்டம்னா பள்ளிக்கூட ஆண்டு விழாவுல ஆடினதுதான். மொதல்ல இது, அப்பறம் இது, கடைசியில ஒரு கும்புடுன்னு எல்லாம் மனப்பாடம். அந்தப் பழக்கத்துல, பாட்டு போட்டதும் டீச்சரப் பாத்து, "அடுத்து இன்னா மேடம்?"னு கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சிட்டு, அத நீங்கதான் முடிவு பண்ணணும்னு தெலுங்குல சொல்லிடிச்சி. எனக்கு பகீர்னு ஆயிடிச்சி. அதுவரைக்கும் நான் முடிவு பண்ணது இன்னிக்கு இன்னா கொழம்புன்னு மட்டுந்தான். அதுவும் மாமியாரு, எங்க அத்தையக் கேட்டுக்கினு.

போகப் போகப் புரிஞ்சிடிச்சி. உள்ளங்கையால லேசா அழுத்தினா அவரு பின்னால போவாரு. கையத் தூக்கினா சுத்துவாரு. வலிச்சி இழுத்தா ஒண்ணும் நடக்காது. ஒரு வாட்டி ஆடின மாதிரி மறுவாட்டி வராது, அப்பப்ப தோணுறதுதான். சந்தோசமா இருந்திச்சி. அதுக்கு மேல காரணம் சொல்லணுமா இன்னா?

யாரோ ஒரு புண்ணியவதி அத வீடியோ எடுத்து, அது சுத்தி சுத்தி எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்து சேந்திச்சி. எங்க வீட்டுக்காரரு போன என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு.

"ஊரான் கையப் புடிச்சிக்கினு சுத்துற, வெக்கமா இல்ல? இனிமே அங்க போனா இந்த வூட்டுப் படி ஏறாத!"

அத்தை டிவி சத்தத்தக் கொறச்சி வெச்சிட்டு, "மானம் போச்சி"ன்னாங்க. அதோட நான் கிளாஸுக்குப் போகல. பயந்துக்கினுதான் போகல. எம் பொண்ணு பத்தாவது படிக்கிது, படி ஏறாதன்னா நான் எங்க போறது? காலு மட்டும் கேஸ் அடுப்புக்கு முன்னால தானா ஆடிக்கினு இருந்திச்சி.

மே மாசம் கங்கம்மா ஜாத்திரை வந்துது. திருப்பதி ஆம்பளைங்க அம்மனுக்கு வேண்டிக்கினு பொம்பள வேஷம் போடுற ஜாத்திரை. எங்க வீட்டுக்காரரு சின்ன வயசுல அம்மை வாத்து பொழச்சவரு. அந்த வேண்டுதலுக்கு வருசா வருசம் பொடவ கட்டுவாரு. கட்டி வுடுறது நான். என் கல்யாணப் பட்டு, என் கண்ணாடி வளையல், சவுரி, பூவு. இந்த வாட்டியும் முட்டி போட்டுக்கினு கொசுவம் மடிச்சி சொருகினேன். ஊக்கு வாயில இருந்திச்சி.

"இடுப்பு தெரியாம கட்டு"ன்னாரு.

எனக்கு வந்துது பாரு ஆத்திரம்! தெருத்தெருவா ஆடப் போறவருக்கு இடுப்பு தெரியக் கூடாதாம். எம்புள்ளைக்குக் கண்ணு பட்டுடும்னு அத்தை திருஷ்டி வேற சுத்தினாங்க. அன்னிக்கு மானம் எங்கியும் போகல, வூட்டுலியே பத்திரமா இருந்திச்சி.

தெருவுல டப்பு மேளம் அதிர்ந்துக்கினு இருந்திச்சி. ஜனங்க அவரக் கும்புடுறாங்க, போன்ல படம் புடிக்கிறாங்க, அவரு கண்ண மூடிக்கினு ஆடுறாரு. வேண்டுதல நான் கொற சொல்லல. கங்கம்மா எனக்கும் தாய்தான். அதனால அவளுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு, கூட்டத்தத் தள்ளிக்கினு போயி அவரு கையப் புடிச்சேன். இன்னொரு கைய அவரு முதுகுல வெச்சேன்.

"ஏய், இன்னாடி பண்ற? எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். கட்டின புருசன் கையத்தான புடிச்சிக்கினு இருக்கேன். இது ஊரான் கையா?"

உள்ளங்கையில லேசா அழுத்தினேன். பின்னால போனாரு. கையத் தூக்கினேன், என் வளையல் குலுங்க ஒரு சுத்து சுத்தினாரு. டப்புக்காரரு எங்களப் பாத்துட்டு அடிய வேகமாக்கினாரு. கூட்டத்துல விசிலு பறக்குது. அத்தை வாயப் பொத்திக்கினு நின்னாங்க. அடுத்த சுத்துல பொடவ தடுக்கி அவரு என் மேல சாஞ்சாரு. தாங்கிக்கினேன்.

மை கரைஞ்ச மூஞ்சியோட, "அடுத்து இன்னாடி?"ன்னாரு. அதட்டி கேக்கல. நெசமாவே தெரியாமதான் கேட்டாரு.

"சனிக்கிழமை நான் கிளாஸுக்குப் போறேன். போயிட்டு இதே படிதான் ஏறுவேன்."

"போய்த் தொல. மொதல்ல கொசுவத்தப் புடி, அவுருது!"

ஒரு கையால கொசுவத்தப் புடிச்சேன். இன்னொரு கைய வுடல.