ஊசிக்காகச் சொன்ன பொய்

அந்தச் சலவை நிலையத்தில் அவளை எல்லோரும் இஸ்திரிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைச் சூடான மெஷினில் விட்டு, சுருக்கமில்லாமல் வெளியே எடுப்பது அவள் வேலை. எதிர்ப்பக்கம் நின்று அவற்றை வாங்கி மடிப்பவள் அவளுடைய நாத்தனார். வாய் ஓயவே ஓயாது என்பதால் அங்கே அவளுக்கு ரேடியோ என்று பெயர். மெஷின் போடுகிற சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்கும்.

இஸ்திரிக்காரம்மாவின் புருஷன் பூட்டு பழுது பார்க்கிறவர். ஒரு மழைக்காலத்தில் ஊரெல்லாம் பரவிய காய்ச்சல் அவரையும் படுக்கையில் தள்ளியது. உயிர் பிழைத்தது கடவுள் புண்ணியம். ஆனால் அன்றிலிருந்து ஒரு கால் மட்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அந்தக் காய்ச்சலுக்கு ஒரு தடுப்பூசி செய்திருக்கிறார்கள், போட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும், அவள் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள். நாத்தனாரையும் விடவில்லை.

“நான் என்ன எலியா அண்ணி, என்னை வச்சு சோதனை பண்ண?” என்றாள் ரேடியோ.

“உன்னை மாதிரி பேசுற எலி உலகத்துலயே கிடையாது. பேசாம வா.”

ஊசி போடும் இடத்தில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போடுகிறவருக்கே தெரியாதாம். “என் ராசிக்குத் தண்ணிதான் வரும்” என்று ரேடியோ சொல்ல, டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “உடம்புல எது மாறினாலும் சொல்லணும். இது போய் ஒரு விஷயமான்னு நீங்களா விட்டுடக் கூடாது.”

முதல் ஊசி போட்ட சுவடே தெரியவில்லை. இரண்டாவது ஊசிக்கு ரேடியோவுக்கு ஜலதோஷம் என்று தள்ளிப் போட்டார்கள். இஸ்திரிக்காரம்மா மட்டும் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மெஷின் முன்னால் நின்றபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. கண் இருட்டியது. துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஊசி போட்ட இடத்து நர்ஸ் வழக்கம்போலப் போனில் கேட்டாள். “எப்படிம்மா இருக்கீங்க? தலைசுத்தல், படபடப்பு ஏதாவது?”

“கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன் சிஸ்டர். ஒரு குறையும் இல்ல.”

வாய் தவறி வந்த பொய் இல்லை அது. அவள் மனதில் அந்த ஊசி, பரீட்சை எழுதப் போன பிள்ளை மாதிரி. தினமும் அது தேற வேண்டும் என்று பிரார்த்தனை செய்கிறவள், தானே அதைப் பற்றிக் கோள் சொல்லுவாளா? ஒருவேளை, உன் பங்குக்கு இவ்வளவு தாங்கிக்கொள் என்று ஆண்டவன் கொடுத்ததாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். பொய்யில் கடவுள் பெயரையும் சேர்த்துவிட்டோமே என்று மட்டும் படுக்கும்போது உறுத்தியது.

ரேடியோ இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று அவளிடமும் சொல்லி வைத்தாள். “உனக்கு ஒரு தும்மல் வந்தாலே ஊரைக் கூட்டுவ. போன்ல எதையாவது உளறி மருந்துக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துடாத. உங்க அண்ணன் காலை நெனச்சுப் பாரு.”

அண்ணன் காலைச் சொன்னதும் ரேடியோ சரி என்றாள்.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். இஸ்திரிக்காரம்மா நிமிர்ந்து பார்ப்பதற்குள் அப்படியே முன்னால் சாய்ந்து, சுடச்சுட இருந்த மெஷின் தகட்டில் இரண்டு கைகளையும் ஊன்றிவிட்டாள். இஸ்திரிக்காரம்மா பாய்ந்து போய் இழுத்ததில் முகம் தப்பியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பூட்டுக்காரர் காலை இழுத்து இழுத்து வந்து பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். “நீ மட்டும் இல்லன்னா என் தங்கச்சி முகமே போயிருக்கும்மா. உன்னைப் பெத்தவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்” என்றார். ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குச் சூடு வைத்தது.

ஊசி போட்ட டாக்டரம்மாவும் பதறிக்கொண்டு வந்துவிட்டார். “மெஷின் சூட்டுனால வந்த மயக்கமா, ஊசினாலயான்னு புரியல. மத்தவங்க யாருக்காவது இப்படி வந்திருந்தா உடனே நிறுத்திடுவோம். ஆனா யாருமே ஒண்ணும் சொல்லலையே. நாளைக்கு இன்னும் நிறைய பேர் வரப் போறாங்க…”

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஊசியும் பிழைத்துக்கொள்ளும், அவள் மானமும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நாளைக்கு வரப்போகிறவர்களில் யார் எந்த அடுப்பு முன்னால் நிற்பார்களோ, எந்த ஏணியில் ஏறுவார்களோ. ஆண்டவனைக் கூப்பிடலாம் என்று பார்த்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

“எனக்கு வந்துச்சும்மா” என்றாள். “இதே மாதிரிதான், படபடப்பும் இருட்டும். சிஸ்டர் கேட்டப்போ மறைச்சுட்டேன். அவளையும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சேன்.”

டாக்டரம்மா அவள் பக்கம் குனிந்தார்.

“ஏம்மா?”

“மருந்து தோத்துடும்னு பயந்துட்டேன்.”

டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. “முன்னாடியே தெரிஞ்சிருந்தா, ஊசி போட்ட கையோட சூடு பக்கத்துல நிக்காதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பேனே” என்று தனக்குத்தானே பேசுவது போலச் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். நாளைக்கு யாருக்கும் போட வேண்டாம் என்று அவர் சொல்வது வராந்தா முழுக்கக் கேட்டது.

பூட்டுக்காரர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் காலுக்காகவா அவ கையைக் குடுத்த?” என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. அவள் எழுந்து உள்ளே போனாள்.

ரேடியோ இரண்டு கைகளிலும் கட்டோடு படுத்திருந்தாள். “காலையிலயே லேசா சுத்துச்சு அண்ணி. நர்சுக்குப் போன் போடலாமான்னு நெனச்சேன். நீங்கதான் வேணாம்னீங்களேன்னு விட்டுட்டேன்.”

இஸ்திரிக்காரம்மா கட்டில் ஓரம் நின்றபடியே, தனக்கு வந்ததையும் மறைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், “என்னை மன்னிப்பியா?” என்றாள்.

ரேடியோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த வாய் இவ்வளவு நேரம் மூடிக் கிடந்து இஸ்திரிக்காரம்மா பார்த்ததே இல்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். போய்விடலாமா என்று அவள் திரும்பியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“மன்னிக்கிறதெல்லாம் கை ஆறட்டும், அப்புறம் பாக்கலாம். இப்ப தலை அரிக்குது. சொறிய எனக்குக் கை இருக்கா?”

இஸ்திரிக்காரம்மா கட்டிலில் உட்கார்ந்து அவள் கூந்தலை அவிழ்த்தாள். “இங்கயா?”

“இன்னும் மேல” என்றாள் ரேடியோ, சுவரைப் பார்த்தபடியே.