தடத்தில் ஓடிய ஜெபமாலை

எண்பத்திரண்டாம் வருடக் கோடையில் நடந்த அந்த ஓட்டப் பந்தயத்தன்று ரோட்டு வளைவில் நின்றவர்கள் மூன்றே பேர்: தண்ணீர்க் குடத்தோடு நான், ஓடி வந்த ஜெபமாலை, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சூசைநாதன். சேலத்து ஆஸ்பத்திரியில் ஜெபமாலை போய்விட்டாள் என்று போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கிய அவள் தங்கை சொன்னாள். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவள். அவளோடு காப்பிப் பழம் பறித்தவர்கள் இதைப் படித்து, ஒரு சொல் தப்பென்றால் வந்து சொல்லட்டும்.

எங்கள் மலை ஊரான கொட்டச்சேட்டில் எங்களுக்கு ஒற்றையடித் தடம்தான் வழி. தார் ரோடு பஸ்ஸுக்கு. வேலைக்கு நேரமானால் ஜெபமாலை தடத்தில் ஓடுவாள். குட்டி எட்டு வைத்து, வேரைத் தாண்டி, ஈரப் பாறையில் கால் பதித்து. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பழக்க வந்த சேலத்து விளையாட்டு சார் ஒருநாள் ஷூ போட்டுக்கொண்டு அவள் பின்னால் ஓடிப் பார்த்தார். பத்து எட்டில் சருகில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார்.

"எட்டி வெச்சு ஓடறது ரோட்டுக்குங்க சார். அங்க கண்ண மூடிட்டுக்கூட ஓடலாம். ஆனா தாரு திருப்பி அடிக்குமுங்க, முட்டியெல்லாம் நோவும். தடத்துல அடி இல்லீங்க. ஒரு எட்டு கண்ணெடுத்தாப் பல்லு போயிரும், அவ்வளவுதான்."

சார் சிரித்துக்கொண்டே எழுந்தார். "அடுத்த மாசம் இங்க நடக்குற ஓட்டப் பந்தயத்துல முதல்ல வா. சேலத்துல தங்க வெச்சுப் பழக்குறேன்."

அதற்குப் பிறகு அவள் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு மாதம் வெறுங்காலோடு தாரில் ஓடிப் பழகினாள். வெடித்த குதிகாலுக்கு நான் வேப்பெண்ணெய் தடவுவேன். "இந்த ரோடு நொம்பப் பொல்லாததுங்கக்கா" என்பாள். மறுநாளும் ஓடுவாள்.

பந்தயம் எஸ்டேட் கேட்டிலிருந்து ஏரிக்கரை வரை. ரோட்டை விட்டு இறங்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. வளைவுக்கு அவள்தான் முதலில் வந்தாள். ரோடு சுற்றிக்கொண்டு போகிறது. தடம் நேரே இறங்குகிறது. நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க ரைட்டரே, இப்படி எறங்கலாமுங்களா?"

"போ கண்ணு, போ. எல்லாரும் போற தடந்தானே."

ஏரிக்கரைக்கும் அவள்தான் முதலில் வந்தாள். ரோட்டிலேயே போயிருந்தாலும் ஜெயித்திருப்பாள்.

ஜீப்பில் ஏரிக்கரைக்கு வந்து இறங்கிய அதே மனிதர், "ரோட்டை விட்டு எறங்கிட்டா சார், என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார். இரண்டாவதாக வந்தது அவர் அண்ணன் மகள். அவள் பின்னாலேயே தடத்தில் இறங்கி வந்திருந்த நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். "பழம் பறிக்கிறவளுக்குப் பந்தயத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றார் ரைட்டர். சார் என்னைப் பார்த்தார், ரைட்டரைப் பார்த்தார், அண்ணன் மகள் பேரை எழுதிக்கொண்டார்.

ஜெபமாலை பிறகும் பதினாலு வருடம் அதே எஸ்டேட்டில் பழம் பறித்தாள். "உடுங்கக்கா, ஓடுனது நாந்தானே" என்பாள். போன கிறிஸ்துமஸுக்கு ரைட்டர் வீட்டுக்கே கேக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சேலத்துக்கு அவள் போய்த் தங்கியது கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான்.

அவளிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தக் குட்டி எட்டு. இந்த வயதிலும் ஈரத் தடத்தில் அப்படித்தான் இறங்குகிறேன், இன்னும் விழவில்லை.

அடக்கத்தன்று ரைட்டரும் வந்து ஒரு பிடி மண் போட்டார். "நல்ல புள்ளைங்க அவ" என்றார். ஜெபமாலை மன்னித்தது அவளோடு போயிற்று. சூசைநாதனை நான் மன்னிக்க மாட்டேன்.