காதர் பாய் கையிலிருந்த புகை

போன ஞாயிற்றுக்கிழமை நசீமா வந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை வைத்துத் திறந்தாள். உள்ளே ஒரு மரப் பைப்பு, பாதி எரிந்து அணைந்த ஒரு சுருட்டு. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் வாசனை குப்பென்று வந்தது. வெல்லப்பாகு அடிப்பிடித்த மாதிரி ஒன்று, ஈரச் சாக்கைக் கொளுத்திய மாதிரி ஒன்று. என் மனைவி ஜன்னலைத் திறந்தாள். நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நசீமா, காதர் பாயின் மகள். பாய் முப்பத்தெட்டு வயதில் நெஞ்சுவலி வந்து இறந்தபோது அவளுக்கு நான்கு வயது. ஆபீஸ் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்பிய டப்பாவை அவள் அம்மா ஜமீலா திறக்காமலே பரண்மேல் போட்டுவிட்டார். சுண்ணாம்பு அடிக்கும்போது இப்போதுதான் கீழே வந்திருக்கிறது.

"எங்கத்தா ரெண்டுல எதைக் குடிச்சாரு மாமா? அம்மாகிட்டக் கேட்டா எந்திரிச்சுப் போயிடறாங்க" என்றாள் நசீமா. "என்னைத் தூக்கறப்ப சட்டையில ஒரு வாசம் வரும். அத்தாவை நெனச்சா எனக்கு அது ஒண்ணுதான் ஞாபகம். அது எதுன்னு தெரிஞ்சா போதும்."

சுலபமான கேள்விதான். ஆறு வருஷம் அவர் அறைக்கு வெளியே டிராயிங் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் பாய் கையில் நான் இரண்டையுமே பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு அந்த ஆபீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணபதி ஏரியாவில் தண்ணீர் மோட்டார் பம்பு செய்யும் சின்னக் கம்பெனி. பங்குதாரர்கள் இரண்டு பேர். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பத்திலிருந்து வந்த பழனிச்சாமி அண்ணன் ஒருவர். கோட்டைமேட்டு இரும்பு வியாபாரக் குடும்பத்துக் காதர் பாய் இன்னொருவர். பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதம், ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளுக்கொரு பிளைவுட் அறை. பழனிச்சாமி அண்ணன் அறையில் அவருடைய மாமனார் காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தால் நான்கு மணிக்குத்தான் எழுந்திருப்பார். அவர் அண்ணனுக்குத் தாய்மாமனும்கூட. எந்தக் கணக்கிலும் சேராத, பேப்பர் படிக்கிற வேலை. ஆனால் அவர் இருமினால் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம்.

பாய் அறையிலிருந்துதான் புகை வரும். வரைந்ததைக் கையெழுத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் தட்டுவேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம். "வாங்க தம்பி" என்பார் பாய். பெரும்பாலும் பழனிச்சாமி அண்ணனும் எதிரே கைகட்டி உட்கார்ந்திருப்பார். பாய் கையில் ஒருநாள் பைப்பு, ஒருநாள் சுருட்டு.

இங்கேதான் நான் குழம்ப ஆரம்பித்தேன். சுருட்டுக்காரர் வேறு, பைப்புக்காரர் வேறு என்பதை அதற்குள் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். சுருட்டு ஒரு முறை பற்றவைத்தால் தன் வேகத்தில்தான் எரியும். நடுவில் அணைத்துவிட்டு மறுபடி பற்றவைத்தால் நாறும். நேரம் இருக்கிறவனின் பொழுதுபோக்கு அது. பைப்பு அப்படியில்லை, அது ஒரு மிஷின். தூளை அடைக்க வேண்டும், அமுக்க வேண்டும், பற்றவைக்க வேண்டும், அணையும், திரும்பப் பற்றவைக்க வேண்டும், கோழி இறகு விட்டுக் குடைய வேண்டும். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிஷம் புகைத்தால் அதிகம். கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாதவனுக்கானது. ஒரே ஆள் இரண்டாகவும் இருக்க முடியுமா? டிராயிங்காரனுக்கு எதையும் கட்டத்துக்குள் அடைத்தால்தான் தூக்கம் வரும். ஆர்டர் வந்தால் சுருட்டு, பம்பு வார்ப்பில் ஓட்டை விழுந்து திரும்பி வந்தால் பைப்பு என்று ஒரு கொள்கை கண்டுபிடித்தேன். டீக்கடையில் அதை மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லவும் செய்தேன். நல்ல ஆர்டர் வந்த நாளில் பாய் பைப்போடு உட்கார்ந்திருந்தபோது, இந்த ஆர்டரில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று லேத் மேஸ்திரியைப் பயமுறுத்தியும் விட்டேன்.

அதோடு விடவில்லை. பாய் மாதிரி ஆக வேண்டும் என்று பெரிய கடை வீதியில் ஒரு பைப்பு வாங்கினேன். ஏழு குச்சி செலவழித்தும் பற்றவில்லை. எட்டாவதில் என் மீசை பற்றிக்கொண்டது. அடுத்த வாரம் சிங்காநல்லூர் குளத்தங்கரையில் உட்கார்ந்து ஒரு சுருட்டை முழுசாக இழுத்தேன். குளம் என்னைச் சுற்றி வந்தது. மதியச் சாப்பாட்டைக் குளத்துக்கே கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். அன்றோடு இரண்டுக்கும் ஒரு கும்பிடு.

ஒன்று மட்டும் அப்போதே உறுத்தியது. பாய் சுருட்டைப் பென்சில் பிடிக்கிற மாதிரி பிடிப்பார். பைப்பைத் தலைகீழாகக்கூட ஒருமுறை வைத்திருந்தார். புகை அவர் கையிலிருந்து வரும். வாயிலிருந்து வந்து நான் பார்த்ததில்லை. நூலளவு பிசகையும் பிடிக்கிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். இதைப் பெரிய மனிதர்களின் ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவையும் நசீமாவிடம் சொன்னேன். "அப்ப எதுன்னு உங்களுக்கே தெரியல" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பழனிச்சாமி அண்ணனைக் கேட்டுவிடலாம் என்று மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு ஆனைமலைக்குக் கிளம்பினேன். அவருக்கு எண்பது நெருங்குகிறது. தோப்பு வீட்டில் காது மெஷினோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. வாங்க அம்மணி. எளநி வெட்டச் சொல்லட்டுங்களா?" என்றவர் டப்பாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பைப்பை எடுத்தார். சரியான பக்கம், சரியான பிடி. கட்டைவிரல் தானாகக் குழிக்குள் போய் அமுக்கியது.

"ரெண்டும் என்னோடதுங்க அம்மணி" என்றார். "உங்கத்தா ஒருநாளும் குடிச்சதில்லீங்க."

நசீமா என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைப் பார்த்தேன்.

"கல்யாணத்தப்ப எங்க மாமா மாசாணியம்மன் கோயில்ல கூட்டீட்டுப் போயி, இனிப் புகை தொடமாட்டேன்னு சத்தியம் வாங்கிப் போட்டாருங்க. என்னால அத உட முடியல. காதர் ரூம்ல போயிக் குடிப்பேன். கதவு தட்டுனா காதர் புடுங்கித் தன் கையில வெச்சுக்குவான். மாமாகூட ஒருக்கா வந்து பாத்துட்டு, 'பாயி, ஒடம்பக் கெடுத்துக்காதீங்க'ன்னு புத்தி சொல்லிட்டுப் போனாரு. காதர் 'சரிங்க'ன்னு தலையாட்டுனான்."

"எங்கம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று கேட்டாள் நசீமா.

"உங்கம்மாளும் எங்க ஊட்டுக்காரியும் வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை பேசிக்குவாங்க. சொன்னா அன்னைக்கே மாமா காதுக்குப் போயிருக்கும். அதனால ஊட்லயும் அவன் வாயத் தொறக்கல." அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாமா இருந்த வரைக்கும் பயம். அவரு போனதுக்கப்புறம் வெக்கம். எழுவது வயசு வரைக்கும் குடிச்சேனுங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. குடிக்காத மனுசன் போயிட்டான். மன்னிச்சுப் போடுங்க அம்மணி."

அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. இளநீரைக் குடித்தாள். எனக்கு அண்ணன் மேல் கோபமா, பரிதாபமா என்று இன்றைக்கும் பிடிபடவில்லை. ஒரு நிமிஷம் பாய் மேலேகூடக் கோபம் வந்தது.

நேராகக் கோட்டைமேட்டுக்குப் போனோம். ஜமீலா கட்டிலில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். நசீமா இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"குடிக்கவே இல்லியா?" என்றார். "தெனமும் சண்டை போடுவேனே. சட்டையக் கழட்டி வெளிய போடுங்கன்னு சொல்லுவேன். சிரிச்சுக்கிட்டே கழட்டுவாரு. மவுத்தாகிப் போனதுக்கப்புறம்கூட, சொன்ன பேச்சுக் கேக்காம புகையில போனீங்களேன்னுதான் அழுதேன். நாப்பது வருசமா யாரைக் கோவிச்சுக்கிட்டேன் நான்?"

அவர் டப்பாவை வாங்கி, முதல் தடவையாக மூக்கருகே கொண்டுபோனார். தலையை ஆட்டினார்.

"இதே வாசம்தான். இது பழனியண்ணன் வாசம்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே. நசீமா அத்தா வாசம் எதுங்க?" என்று கேட்டார்.

ஆறு வருஷம், ஆறடி தூரம். யோசித்துப் பார்த்தேன். அத்தர் போடுவாரா? கிரீஸா, தேங்காய் எண்ணெயா? பைப்புக்கும் சுருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் மணிக்கணக்கில் பேசுவேன். இதற்கு என்னிடம் ஒரு சொல் இல்லை. நசீமாவிடமும் இல்லை. சட்டைகளை எல்லாம் நாற்றம் போகட்டும் என்று அவர் இறந்த மாதமே சோடா உப்புப் போட்டு வெள்ளாவி வைத்து யாருக்கோ கொடுத்துவிட்டதாக ஜமீலா சொன்னார்.

நேற்று கணபதி வழியாகப் போனேன். ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். "என்ன வேணுங்க சார்?" என்று கேட்டார்கள். மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஏசிக் காற்றுதான் வந்தது.