நாகஜோதியக்காவும் தொறந்திருந்த கேட்டும்

எங்க கம்பெனில வெட்டுன பனியன் பீஸெல்லாம் பண்டில் பண்டிலாக் கட்டி, தைக்கற ஊடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேக்கறது நாகஜோதியக்காதானுங்க. பொறந்தது உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணமாகி இங்க வந்து கொஞ்ச நாள் மடிக்கற வேல பாத்தாங்க. "ஒரே எடத்துல உக்கார முடியலண்ணே"ன்னு எங்க முதலாளி கிட்டுசாமியண்ணங்கிட்டச் சொல்லி, கம்பெனி டிவிஎஸ் வண்டிய ஓட்டற வேலைய வாங்கிக்கிட்டாங்க. பின்னாடி ஆளு ஒசரத்துக்கு மூட்டை, முன்னாடி காலுக்கு நடுவுல ஒண்ணு. பல்லடம் ரோட்டுல பிரைவேட் பஸ்காரனே அவியளுக்கு வழி உடுவான். அந்த வண்டின்னா அவியளுக்கு உசுருங்க.

போன சித்திரையில கையும் கழுத்தும், வெயில் பட்ட எடமெல்லாம் செவந்து தோலு உரிய ஆரம்பிச்சுது. சின்ன வயசுலயும் இப்படி வருமாம், தானாப் போயிருமாம். அவிய ஊட்டுக்காரர் அழகுமலையண்ணன் சாயப்பட்டறைல வேல பாக்கறாரு. பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னாத் தாங்க மாட்டாரு. "இது கரப்பான் படை. முட்டை, கோழி, கருவாடு எதையும் வாய்ல வைக்காத"ன்னு பத்தியம் போட்டுட்டாரு. பருப்பையுங்கூட வாயுன்னு தள்ளிட்டாரு. தானும் கூடச் சேந்து ரசஞ்சோறே தின்னாரு, பாவம்.

ரசஞ்சோறு தின்னு தின்னு அக்காவுக்கு நடையே தள்ளாட ஆரம்பிச்சுதுங்க. ஒரு நாள் கம்பெனி வாசல்லயே வண்டியோட சாஞ்சுட்டாங்க. மூட்டை மேல விழுந்ததால அடி இல்ல. ஆனா அழகுமலையண்ணன் சாவியப் புடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

கிட்டுசாமியண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னாரு. "அம்மிணி, இப்போதைக்குச் செக்கிங் டேபிள்ல ஒக்காந்துக்க. தீவாளி ஆர்டருக்குள்ள சரியாகலீன்னா வண்டிக்கு வேற ஆளத்தான் பாக்கோணும்."

அக்கா செக்கிங் டேபிள் சேர, வெளிய நிக்கற வண்டி தெரியற மாதிரி திருப்பிப் போட்டு ஒக்காந்தாங்க.

சத்து இல்லாமத்தான் தள்ளாடுதுன்னு அழகுமலையண்ணனுக்கும் பட்டிருக்கு. முட்டை குடுக்கத்தான் பயம். ஜிம்முல விசாரிச்சு ஒரு டப்பா பவுடர் கொண்டாந்தாரு. புரோட்டீன முழுசா ஒடச்சு அமினோ ஆசிடாவே வச்சிருக்காங்களாம்.

"வயித்துக்கு வேலையே இல்ல ஜோதி. நேராப் போய் ஒட்டிக்கும்."

"சாயத் தண்ணி மாதிரி நாறுதுய்யா"ன்னு மூக்கப் பொத்திக்கிட்டுக் குடிச்சாங்க. ஒண்ணும் ஒட்டல.

கடைசியாக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம், தொணைக்கு நானும். டாக்டரம்மா மூத்திரத்த டெஸ்ட்டுக்கு அனுப்பி, ரிசல்ட் வந்ததும் கூப்பிட்டு ஒக்கார வச்சு வெளக்குனாங்க. நாம திங்கற முட்டை, பருப்புல இருக்கற புரோட்டீன் வயித்துலயும் சிறுகுடல்லயும் துண்டு துண்டா அறுபடுமாம். கடைசியில கொஞ்சம் ஒத்த ஒத்த அமினோ ஆசிடா நிக்கும். கொஞ்சம் ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டே குட்டித் துண்டா நிக்கும், அதுக்குப் பேரு பெப்டைடு. குடல் சுவத்துல ரெண்டுக்கும் வேற வேற வாசல். ஒத்தையா வர்றதுல ஒரு பெரிய வகைக்கு இருக்கற வாசல் அக்காவுக்குப் பொறவியிலயே வேல செய்யல. கிட்னிலயும் அதே வாசல்தானாம், அதனாலதான் மூத்திரத்துல ஒழுகி டெஸ்ட்டுல தெரிஞ்சுதாம். அந்த வகையில ஒண்ண வச்சுத்தான் ஒடம்பு ஒரு விட்டமினச் செய்யுது. அது கொறஞ்சாத் தோலு வெயில் தாங்காது, காலு தள்ளாடும்.

"அப்ப ரெண்டு மூணாச் சேந்து வர்றதுக்கு?"ன்னு அக்கா கேட்டாங்க.

"அந்த வாசல் உங்களுக்கு நல்லாத் தொறந்திருக்கும்மா. உள்ள போனப்புறம் அதப் பிரிச்சு ஒத்தையாக்கி, ரத்தத்துக்கு அனுப்பிரும்."

"புரிஞ்சிருச்சு டாக்டர். ஒத்தப் பீஸாக் கொண்டுபோனா வாட்ச்மேன் உள்ள உட மாட்டான். பண்டிலாக் கட்டிக் கொண்டுபோனா வேற கேட்டு வழியாப் போயிரலாம். உள்ள வச்சுப் பிரிச்சுக்கலாம்."

டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. அழகுமலையண்ணன் மெதுவாக் கேட்டாரு, "அந்தப் பவுடரு டாக்டர்?"

"அது பூரா ஒத்தப் பீஸுங்க. முட்டை, பருப்பு, கோழியெல்லாம் நிறுத்துனதுதான் தப்பு. தெனமும் நல்லாக் குடுங்க. விட்டமின் மாத்திரை எழுதறேன். வெயில்ல போனாக் கையும் கழுத்தும் மூடியிருக்கணும்."

வெளிய வந்ததும் அக்கா ஆரம்பிச்சாங்க. "பூட்டுன கேட்டுக்கு டப்பா டப்பாவா அனுப்பிருக்க, தொறந்த கேட்டுக்கு ஒண்ணுமே அனுப்பல. நீயெல்லாம் டிரான்ஸ்போர்ட் வேலைக்கு ஆக மாட்டய்யா."

அவரு தலையக் குனிஞ்சுட்டே சிரிச்சாரு. எனக்குத்தான் கண்ணு கலங்கிருச்சுங்க. ஒரு வாசல் அடைஞ்சு கெடக்க, இன்னொரு வாசல் சத்தமே இல்லாம இத்தன வருசமா அவியள வளத்திருக்கு. உசிலம்பட்டில தின்ன முட்டையெல்லாம் அந்த வழியாத்தான் போயிருக்கு. நம்ம எல்லாத்துக்குள்ளயும் இப்பவும் அந்த வேல நடந்துட்டே இருக்குன்னு நெனச்சா, வயித்தத் தொட்டுப் பாக்கோணும் போல இருக்குதுங்க.

மாத்திரையும் முட்டையுமாத் தோலு தேறுச்சு. தீவாளி ஆர்டர் கட்டிங் முடியற சமயம், ஒரு நாள் சாயங்காலம், அழகுமலையண்ணன் கம்பெனிக்கே வந்துட்டாரு. தள்ளாட்டம் போயிருச்சான்னு பாக்க, அக்கா தலைல ஒரு பண்டில வச்சு, தரை டைல்ஸ் கோட்டு மேல நடக்கச் சொன்னாரு. கட்டிங் டேபிள்காரங்க எல்லாரும் கத்திரிய வச்சுட்டுப் பாத்தோம். அக்கா கோட்ட உட்டு வெலகாம அந்தக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாங்க.

"நானு நடந்தாக்கூட இத்தன நேரா வராதப்பா. சாவியக் குடு"ன்னாரு கிட்டுசாமியண்ணன்.

குடுத்தாரு. குடுத்துட்டு வண்டி பின்னாடி ஏறி ஒக்காந்துக்கிட்டாரு.

"எறங்குய்யா. அது மூட்ட வைக்கிற எடம்."

"இன்னைக்கு ஒரு நாளைக்கு நான்தான் மூட்ட. ஓட்டு."

அக்கா முழுக்கைச் சட்டைய இழுத்து உட்டுக்கிட்டு, வண்டிய மிதிச்சுக் கெளப்புனாங்க. பண்டில் ஒண்ணு அவிய காலுக்கு நடுவுல. அண்ணன் மடியில ரெண்டு அவிச்ச முட்டை வச்ச டப்பா. கேட்டத் தாண்டி வண்டி நேராப் போச்சுங்க.