முதுகு சொல்லித் தராதவர்கள்

ஆமணக்கெண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கறுத்துப்போன மரச் செப்புகளுக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் புகையுமான அந்த வாசனை, கையில் எடுத்தவர் விரலை விட்டு எளிதில் போகாது. ராகி அறுவடை முடிந்து களங்கள் காலியானதும், பாகலூர்ச் சந்தை மைதானத்தில் அந்த வாசனையோடுதான் வெங்கட்டப்பாவும் அவர் மனைவி ராமக்காவும் வந்து கூடாரம் போடுவார்கள். மூன்று செப்புகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழ் வைத்த துணி உருண்டையை இன்னொன்றின் கீழிருந்து எடுத்துக் காட்டுகிற "செப்பு வித்தை"யில், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவர்களுக்கு நல்ல பெயர் இருந்தது. தெலுங்கில் கூப்பிட்டு, கன்னடத்தில் கேலி பேசி, தமிழில் முடிப்பார்கள். மூன்றில் எது தெரிந்தவனும் ஏமாறாமல் போனதில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் பிள்ளை நான்தான். அப்பா ஒரு கவுண்டர் வீட்டில் பண்ணையாள். ஐந்தோடு போதும், ஓசூர் வரைக்கும் போய்ப் படித்து என்ன செய்யப் போகிறாள் என்று வீட்டில் பேச்சு எழுந்திருந்த வருஷம் அது. பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒன்று செய்து காட்ட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். நிலக்காரர் வீட்டுப் பெண்கள் பட்டுப்பாவாடையும் சலங்கையுமாகக் கோலாட்டத்துக்குத் தயாரானார்கள். எனக்குப் பட்டும் இல்லை, சலங்கையும் இல்லை. அத்தனை பேர் நடுவில் நான் உட்கார்ந்து ஒன்றைச் செய்து, எல்லோரும் வாயைப் பிளப்பதை அப்பா ஒரு தரம் பார்த்துவிட்டால் ஆறாம் வகுப்புக்கு அனுப்பிவிடுவார் என்று நான் நம்பினேன். அதனால் ராமக்காவிடம் போய் வித்தை கற்றுக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

அவளுக்கு என் வயதில் நாகு என்று ஒரு மகள். அவளும் தொழிலுக்குப் புதிதுதான். வெங்கட்டப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ எம் பொண்ணுக்கு எழுத்தக் குடு பாப்பா, நாங்க உனக்கு வித்தையக் குடுக்கறோம். ரெண்டும் கை வேலதானே" என்றார். அன்றைக்கே தொடங்கிவிட்டோம்.

அவர்கள் பாடம் சொன்ன விதத்தை இப்போது நினைத்தாலும் குறை சொல்ல முடியவில்லை. முதலில் செப்பைத் தொடவே விடவில்லை. உள்ளங்கையில் ஒரு துணி உருண்டையைப் பதுக்கிக்கொண்டு தண்ணீர் சேந்த வேண்டும், வாசல் பெருக்க வேண்டும், சோறு தின்ன வேண்டும். கை அதை மறந்துபோக வேண்டுமாம். மறக்காத கை விறைத்துக்கொண்டு காட்டிக் கொடுத்துவிடும் என்று ராமக்கா மணிக்கட்டில் தட்டித் தட்டிச் சொல்வாள். அடுத்தது கண். நம் கண் எந்தச் செப்பின் மேல் இருக்கிறதோ அதன் மேல்தான் கூட்டத்தின் கண்ணும் இருக்கும். அதற்கடுத்தது பேச்சு. வித்தையைப் பற்றிப் பேசாதே, எதிரே நிற்பவன் வீட்டு எருமையைப் பற்றிப் பேசு என்பார் வெங்கட்டப்பா. பக்கத்தில் கிடக்கும் கோலை எடுக்கிற சாக்கில் கையைப் பின்னால் கொண்டுபோய், பாவாடை மடிப்பில் செருகியிருக்கும் இன்னொரு உருண்டையை எடுத்துவர அவர்தான் எனக்குக் காட்டினார்.

எனக்குப் பாடம் எப்போதும் மைதானத்து ஓரத்துப் புங்க மரத்தடியில்தான். மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காரச் சொல்வார்கள். நாகுவுக்கோ வெட்டவெளியில், உச்சி வெயிலில். அவள் நடுவில் உட்கார்ந்திருக்க, அப்பனும் அம்மாவும் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே அதட்டுவார்கள். படிக்கிற பிள்ளை என்று எனக்கு நிழல் கொடுத்து மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் அதைச் சொல்லிப் பெருமையும் பட்டேன்.

நாகுவுக்கு நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. மணலில் விரல் பிடித்து எழுத வைத்தேன். நான் பிரம்படி வாங்கிக் கற்றுக்கொண்ட ணகர னகர வித்தியாசத்தை அவளுக்கு அடியில்லாமல் சொல்லிக் கொடுத்தேன். விழாவுக்குள் அவள் சந்தைக் கடைப் பலகைகளைத் தடங்கலில்லாமல் படித்தாள்.

விழா பள்ளிக்கூடத்து முற்றத்தில் நடந்தது. அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து, கவுண்டருக்குப் பின்னால் துண்டை இடுப்பில் கட்டியபடி நின்றார். நான் முற்றத்தின் நடுவில் துணியை விரித்து உட்கார்ந்தேன். முன்னால் பெரியவர்கள், பக்கங்களில் பெண்கள், பின்னால் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும். முதல் உருண்டை மறைந்தபோது முன்வரிசையில் ஒருவர் "அடேயப்பா" என்றது என் காதில் விழுந்தது. கோலை எடுக்கக் கையைப் பின்னால் கொண்டுபோனேன்.

"பாவாடையில வெச்சிருக்கா" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். அதைத் தொடர்ந்து இன்னொன்று: "ஏண்டி, முட்டையா வெச்சி அடைகாக்கற?"

அதற்கப்புறம் சிரிப்புதான். தலைமையாசிரியர் அதட்டியும் நிற்கவில்லை. கவுண்டர் திரும்பிப் பார்த்து, "நல்லாத்தான் படிக்க வெச்சிருக்கற" என்று அப்பாவிடம் சொன்னார். நான் செப்புகளைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது அப்பா அங்கே இல்லை.

நேராக மைதானத்துக்குப் போனேன். அவர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததை நான் சொல்லி முடித்தபோது இருவரும் வியப்புக் காட்டவில்லை. வெங்கட்டப்பா முளைக்குச்சியைப் பிடுங்கியபடியே சொன்னார்:

"வெளிப் புள்ளைங்களுக்கு மரத்தடி வரைக்கும்தாம்மா. முன்னாடி நிக்கறவனுக்குத் தெரியாம செய்யச் சொல்லித் தருவோம். முதுகு சொல்லித் தர்றதில்ல. எங்க வகையறாவுல அதுதான் வழக்கம்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ எழுத்துச் சொல்லிக் குடுத்திருப்பியா?" என்றாள் ராமக்கா. அவள் குரலில் கோபம் இல்லை. சந்தையில் விலை சொல்கிற குரல் அது. நாகு ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, சாக்கில் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த வருஷம் நான் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. களைக்கொத்தை எடுத்துக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். மறு அறுவடைக்கு அவர்கள் மறுபடியும் வந்தார்கள். கொல்லையிலிருந்து திரும்பும் வழியில் கூட்டத்தைக் கண்டு நின்றேன். நடுவில் நாகு கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் ஒருவர் சிலேட்டில் எழுதிய பெயரை அவள் கட்டைப் பிரிக்காமலே படித்தாள். சுற்றிலும், அவள் முதுகுக்குப் பின்னாலும் ஆட்கள் நெருக்கி நின்றார்கள்; ஒருவருக்கும் சூது பிடிபடவில்லை. எழுத்துத் தெரிந்த வித்தைக்காரியை அந்தப் பக்கத்து ஊர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொருவராக முன்னே வந்து தங்கள் பெயரை எழுதிக் காட்டினார்கள்.

முறத்தில் ராகி வாங்கிக்கொண்டு வந்த ராமக்கா என் எதிரே நின்று, "நீ குடுத்த எழுத்து நல்லா ஓடுது கண்ணு" என்று கன்னத்தைத் தொட்டாள்.

"அப்படின்னா இப்பவாச்சும் முதுகச் சொல்லிக் குடு."

"அது மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் முறத்தை நீட்டினாள்.

தலைமையாசிரியர் விடாமல் வீட்டுக்கு நடந்து நடந்து அப்பாவின் மனத்தைக் கரைத்து, ஒரு வருஷம் தாமதமாக என்னை ஓசூருக்கு அனுப்பி வைத்தது வேறு கதை. இப்போது ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பெங்களூர் லாரிகள் நின்று போவதற்காகச் சந்தை மைதானத்தில் பாதியை மண் கொட்டி நிரவிவிட்டார்கள். புங்க மரத்தை வெட்டியாகிவிட்டது. அறுவடை முடிந்ததும் ஜனங்கள் அத்திப்பள்ளி டூரிங் கொட்டகைக்குப் போகிறார்கள். செப்பு வித்தைக்காரர்கள் வந்து சில வருஷங்களாகின்றன. அந்த மாதிரிக் கை இனி எங்கே பார்க்கப் போகிறோம் என்று ஊரில் பலரும் வருத்தப்படுகிறார்கள். என்னால் வருத்தப்பட முடியவில்லை.

சென்ற மாதம் பள்ளிக்கு வந்த ஒரு பெரியவர், பழைய நாட்களைப் பேசிக்கொண்டே வந்து, "நீகூட வெங்கட்டப்பாகிட்ட வித்தை கத்துக்கிட்ட பொண்ணுதானேம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன். "அவங்க பொண்ணுதான் எங்கிட்டப் படிச்சா."