சேவியர் மாஸ்டர் திருத்திய வரி

அந்தச் சனிக்கிழமை காலை வீட்டின் பின்பக்கத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சேவியர் மாஸ்டரின் மனைவி திரேசாவிடமிருந்து அழைப்பு வந்தது. "மணியமண்ணை, அவர் போயிட்டார். தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கேக்க கதிரையில இருந்தபடியே..." மவுண்ட் ரோஸ்கிலிலிருந்து பக்குரங்காவுக்குக் காரில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. தேநீர்க் கோப்பையை யாரும் இன்னும் எடுத்திருக்கவில்லை.

உங்களில் பலருக்கு அவர் பேருந்துச் சாரதி. கிழக்கு ஓக்லாந்தில் அவருடைய பேருந்தில் ஏறி, "வணக்கம் சேர்" என்று சொல்லிவிட்டு இருக்கைக்குப் போனவர்கள் நீங்கள். அதற்கு முன்னர் மன்னாரில் ஒரு பாடசாலையில் அவர் புவியியல் ஆசிரியர், நான் சித்திர ஆசிரியர். வறள்நிலங்களைப் பற்றி அவர் மாணவர்களுக்கு ஒரு சிறு நூல் எழுதினார். வரைபடங்களை நான் கீறினேன். அதில் பாலைவன உப்பேரிகள் பற்றிய அதிகாரத்தில் ஒரு வரி இருந்தது: "இவ்வேரிகளில் உயிரினம் எதுவுமில்லை, இவை இறந்த நிலங்கள்." எழுதியவரும் கீறியவரும் அப்படியொரு ஏரியைக் கண்ணால் கண்டதில்லை.

நியூசிலாந்துக்கு வந்தபின் பழைய மாணவர்கள் சேர்ந்து அந்த நூலை மறுபதிப்புச் செய்தார்கள். தேவாலய மண்டபத்தில் வெளியீடு நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கிப்போனார்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னர், வேலை இடைவேளைகளில் தென் ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் பெரிய உப்பேரியைச் செய்மதிப் படங்களில் பார்ப்பது அவருக்குப் பழக்கமாயிற்று. வாரம் தவறாமல் பார்ப்பார். வாரம் தவறாமல் வெள்ளையாகவே இருக்கும். ஒருநாள் தொலைபேசியில் அவருடைய குரல் மாறியிருந்தது.

"தண்ணி வருது, மணியம்."

"அங்க மழையோ?"

"அங்க ஒரு துளியும் இல்லை. மழை பெய்தது குயின்ஸ்லாந்தில. ஆறுகள் பரந்து, நிண்டு, நிலம் குடிச்சு, மிஞ்சினதுதான் ஏரிக்கு வரும். மாதக்கணக்கா நடந்து வருது. நாங்கள் பிளேனில போவம்."

போனோம். அடிலெய்டிலிருந்து இரண்டு நாள் வடக்கே கார் ஓட்டினோம். செம்மண்ணும் கல்லும் உப்புப் புதர்களும்தான் வழி முழுவதும். ஒரே ஒரு விடுதி உள்ள சிற்றூரில் தங்கி, அங்கிருந்து சிறிய விமானத்தில் ஏரிக்கு மேலே பறந்தோம். கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலம் அது. வந்த நீருக்கு வெளியேற வழியில்லை, வெயில்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆழமில்லாத நீர் ஓரிடத்தில் பாலாகவும் ஓரிடத்தில் இளஞ்சிவப்பாகவும் கிடந்தது. வெள்ளைப் புள்ளிகளை நான் உப்புத் திட்டுகள் என்று நினைத்தேன். விமானம் சரிந்து திரும்பியபோது அவை எழுந்தன. கூழைக்கடாக்கள். கடற்கரை அங்கிருந்து நூற்றுக்கணக்கான மைல் தூரம். "தண்ணி வந்திட்டுதெண்டு ஆர் சொன்னது இவைக்கு?" என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். விமானிக்குத் தமிழ் தெரியாது. எனக்குப் பதில் தெரியாது.

மறுநாள் கரைக்குப் போனோம். ஏரிப் படுகையில் கால்வைக்க வேண்டாம் என்று அந்த மண்ணின் ஆதிக்குடிகள் கேட்டிருந்தார்கள். நான் படம் எடுப்பதற்காக இரண்டடி உள்ளே போகப் பார்த்தேன். மாஸ்டர் என் கையைப் பிடித்தார். "வேண்டாம். வீட்டுக்காரர் உள்ள வராதை எண்டா வாசலில நிண்டு கதைக்கோணும்."

எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி அந்தக் குடியைச் சேர்ந்த நடுவயதுப் பெண். பாதையோரத்துக் குட்டையிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் நீர் அள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்தார். நீர் முழுவதும் அசைந்தது. நகக்கண் அளவுகூட இல்லாத, ஒளி ஊடுருவும் உடல்கள், ஓயாமல் துடிக்கும் கால்கள். நம்மூரில் கூனி என்று சொல்லும் சின்ன இறாலைப் போலவே இருந்தன. வறண்ட வருடங்களில் அவை உப்போடும் மண்ணோடும் முட்டைகளாய்க் கிடக்கும் என்றும், நீர் பட்டால் சில நாட்களில் பொரிக்கும் என்றும், பறவைகள் வருவது இவற்றுக்கும் மீனுக்கும்தான் என்றும் அந்தப் பெண் சொன்னார். நீர் வற்ற வற்ற உப்பு ஏறி மீன்கள் இறக்கும், பறவைகள் போய்விடும், முட்டைகள் மட்டும் தங்கும்.

மாஸ்டர் போத்தலை வாங்கி வெகுநேரம் பார்த்தார். திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"மணியம், ஒரு பிள்ளை இதை எழுதினவள். ரெஜினா. மழை பெய்தா உப்புத் தரவைக்குள்ள, அந்த வெட்டவெளிக்குள்ள, கூனி வரும், அதைத் தின்னக் குருவி வரும் எண்டு சோதனைத் தாளில எழுதினவள். நான் சிவப்புப் பேனையால வெட்டிப்போட்டு, 'நூலில் இல்லாததை எழுத வேண்டாம்' எண்டு எழுதினனான். என்ர நூலில இல்லாததை!"

ஓக்லாந்துக்கு வந்ததும் ஒரு திருத்தச் சீட்டு எழுதினார். "இறந்த நிலங்கள்" என்ற வரிக்குப் பதிலாக: "நீர் வரும்வரை இவற்றின் சிற்றுயிர்கள் முட்டைகளாக உப்பு மண்ணில் தங்கியிருக்கும்." நான் வேலைசெய்யும் பெயர்ப்பலகைக் கடையில் அச்சடித்துத் தரச் சொன்னார். நூல் இருக்கும் வீடுகளுக்குத் தானே போய்த் தன் கையால் ஒட்டப்போவதாகவும் சொன்னார்.

"விசர் வேலை பாக்காதையும். ஊர் சிரிக்கும்" என்றேன்.

"சிரிக்கட்டும். உம்மட கோடும் பிழை. அந்த ஏரிக் கரையை முழுக்கோடாக் கீறியிருக்கிறீர். வத்திற ஏரிக்கு இடைவெளி விட்டு விட்டுக் கீறோணும்."

எனக்குக் கோபம் வந்தது. கீறினது கீறினதுதான் என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் அவருடைய அழைப்பை எடுக்கவில்லை. இதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. என்றாலும் மறைத்தால் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மூன்றாவது வாரம் அவர் பேருந்து ஏறி என் வீட்டுக்கே வந்து, "எனக்குச் சீட்டு ஒட்டுற வேலை. கார் ஓட்ட ஆள் வேணும். கோபத்தோடயே ஓட்டும்" என்றார்.

வீடு வீடாகப் போனோம். ஓரிடத்தில் புத்தகம் பிரிண்டரின் கால் ஆடாமலிருக்க முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் கூனிக்குறுகிப் போனார். மாஸ்டர் அதை உருவி, சீட்டை ஒட்டி, காயும்வரை ஊதி, மறுபடி காலுக்குக் கீழேயே வைத்தார். இன்னொரு வீட்டில், "ஆர் சேர் இப்ப இதை வாசிக்கினம்?" என்று கேட்டார்கள். "வாசிக்கிறது ஒராளெண்டாலும் அந்த ஆள் பிழையை வாசிக்கக் கூடாது."

கடைசியாக மேற்கு ஓக்லாந்தில் ரானுயி. ரெஜினா அங்கே ஒரு டெய்ரி, அதாவது சிறு மூலைக்கடை, நடத்துகிறார் என்று விசாரித்து அறிந்திருந்தோம். பின்னேரம் மூன்று மணி. கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பெண் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"சேர்! என்ன இந்தப் பக்கம்?"

"ரெஜினா, நீர் எழுதினது சரி. நான் வெட்டினது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவர் சிரித்தார். எதைப் பற்றி என்று மாஸ்டர் விளக்கியதும் சிரிப்பு நின்றது. ஒருவர் பால் வாங்க வந்தார். அவரை அனுப்பிவிட்டு வந்து ரெஜினா மெதுவாகச் சொன்னார்:

"அந்தக் கூனியை எனக்குக் காட்டினது அப்பா சேர். உப்பளத்தில வேலை செய்தவர். நான் தாளைக் கொண்டுபோய்க் காட்டினன். வடிவாப் பாத்திட்டு, 'வாத்தியார் படிச்சவர், நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்' எண்டார். அதுக்குப் பிறகு அவர் எனக்கு ஒண்டும் காட்டினதில்லை."

மாஸ்டர் கேட்டார்: "அப்பா இருக்கிறாரோ?"

"ஓம் சேர், மன்னாரில. காதுதான் கேக்காது."

"இப்ப எடும்."

அங்கே காலை நேரம். கைப்பேசியின் திரையில் வெற்றுடம்போடு ஒரு முதியவர் தெரிந்தார். மாஸ்டர் கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஐயா! நான் ரெஜினாவுக்குப் படிப்பிச்ச சேவியர் மாஸ்டர்! உப்புக்குள்ள கூனி இருக்கெண்டு நீங்கள் சொன்னது சரி! நான் சொன்னதுதான் பிழை!"

முதியவர் காதைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார். இரண்டாம் முறை சொன்னபின் விளங்கியது.

"அது எனக்குத் தெரியும் மாஸ்டர். உங்களுக்கு இப்பதானோ தெரியும்?"

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. மாஸ்டர் தலையாட்டினார். "ஓம் ஐயா. இப்பதான்." பிறகு அந்த இருவரும், மன்னாரில் முதியவரின் வீடுவரை ஏறிவந்த கடலைப் பற்றியும் எந்த மழைக்கு எந்தக் குருவி வரும் என்பதைப் பற்றியும் அரைமணி நேரம் கத்திக் கத்திக் கதைத்தார்கள். ரெஜினா வாடிக்கையாளர்களைக் கவனித்தபடியே ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார். அந்த வாரமே நான் வரைபடத்தைத் திருத்திக் கீறினேன்.

மாஸ்டரின் அடக்கத் திருப்பலியன்று ரெஜினா சவப்பெட்டியருகே நெடுநேரம் நின்றார். வெளியே வந்து என்னிடம், அப்பா இப்போது ஒவ்வொரு ஞாயிறும் தன்னைக் கூப்பிட்டு உப்புத் தரவையைக் கைப்பேசியில் காட்டுகிறார் என்று சொன்னார்.

மாஸ்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எது என்று அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். என் மகள் வெலிங்டனில் இருக்கிறாள். தாதி வேலையை விட்டுவிட்டுப் பேக்கரி தொடங்கியபோது நான் அவளிடம் மிகக் கடுமையாகப் பேசினேன். அதன்பின் பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான் எங்களுக்குள் கதை. ஞாயிறு காலை அவளைக் கூப்பிட்டு, "அண்டைக்கு நான் சொன்னது பிழை பிள்ளை" என்றேன். வேறெதையும் சேர்க்கவில்லை, மாஸ்டரும் சேர்த்ததில்லை. மறுமுனையில் மாவு பிசையும் இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"ஓகே, அப்பா" என்றாள். பிறகு, எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவள், தமிழில் கேட்டாள்: "சாப்பிட்டீங்களா?"