சென்சார் அக்கா போட்ட பொய் டிக்

எங்கள் ஆபீஸில் ஒன்பது பேர். எட்டுப் பேர் சேர்ந்து கேம் செய்கிறோம். ஒன்பதாவது ஆள்தான் அந்த கேமை எந்த வயதுக்காரர் விளையாடலாம் என்று எழுதிப்போட்டு முத்திரை வாங்கி வருகிறவள். சென்சார் அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டோம். "நான் எதையும் வெட்டுறவ இல்லடி. இருக்கிறதை இருக்குன்னு சொல்றவ. அதுக்குப் போய் சென்சாரா?" என்று ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த ஒன்பது பேரில் கதை வசனம் எழுதுகிறவள் நான். இதில் தப்புச் செய்தவளும் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. நாற்காலி அவளுக்கு ஒரு பேச்சுக்குத்தான். ஒரு கேள்வியைப் படிப்பாள், எழுந்து ஜன்னல் வரை போவாள், திரும்பி வந்து டிக் போடுவாள். அடுத்த கேள்விக்கு மறுபடி ஜன்னல். "அக்கா, தரை தேஞ்சிடும்" என்றால், "தேயட்டும், வாடகைத் தரைதானே" என்பாள். ஒரு விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் மூன்று தடவை சரிபார்ப்பாள். அனுப்பிய பிறகு இரண்டு தடவை.

அவள் வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும், செய்தால் தலை சுற்றும். ஒரே கேம், ஆனால் கடைக்குக் கடை வேறு சட்டம். போனிலேயே கேமை இறக்கிக்கொள்கிற போன் கடைக்கு ஒரு கேள்வித்தாள். ரத்தம் உண்டா, உண்டென்றால் என்ன நிறம், அடி வாங்குவது மனிதனா பொம்மையா, ஒரு தடவையா அடிக்கடியா? எல்லாவற்றுக்கும் டிக் போட்டு அழுத்தினால் அரை நிமிடத்தில் மெஷின் ஒரு வயதைத் துப்பும். டிவியில் மாட்டி விளையாடும் கன்சோலுக்கு அதெல்லாம் செல்லாது. கேமில் இருப்பதிலேயே மோசமான காட்சிகளை வீடியோவாகத் தொகுத்து, வயது முத்திரை போடுகிற வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரனோ, நீயே ஏதாவது எழுதி ஒட்டிக்கொள் என்று விட்டுவிடுவான். நாலு வருஷத்துக்கு முன் எங்கள் கேமில் ஒரு திருடன், ஒரு கடைக்குக் கொடுத்த பதிப்பில் சாராயம் குடித்தான். இன்னொரு கடையில் அதற்கு அனுமதி இல்லை, பாட்டிலை மட்டும் பழச்சாறாக மாற்றினோம். நடையை மாற்ற மறந்துவிட்டோம். பாவி, பழச்சாற்றைக் குடித்துவிட்டு அந்தத் தள்ளாட்டம் தள்ளாடினான். அக்கா அதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சிரிப்பும் அவள் தொழிலோடு சேர்ந்தே வரும். முதலாளி கத்திவிட்டுப் போனால், "பன்னிரண்டு ப்ளஸ். கெட்ட வார்த்தை லேசா, ஒரே ஒரு தடவை" என்பாள்.

வேலையில் மட்டும் அவளிடம் விளையாட்டுக் கிடையாது. இந்தப் பத்து வருஷத்தில் ஒரு பொய் டிக் போட்டதில்லை. பொய் என்று தெரிந்தால் கடைக்காரன் கேமையே தூக்கிவிடுவான் என்பது ஒரு பக்கம். அவளுக்கே அது ஆகாது என்பது இன்னொரு பக்கம்.

இந்தத் தடவை நாங்கள் செய்தது ஒரு பூட்டு ரிப்பேர்காரனின் கதை. ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வீடாகப் போய்ப் பூட்டைச் சரிசெய்வான். பூட்டோடு மல்லுக்கட்டும்போது உள்ளே நடப்பது அவன் காதில் விழும். நான்காவது மாடியில் ஒரு வீடு. மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு கணவன், ஒரு மனைவி. பளார் என்று ஒரு சத்தம். அப்புறம் அவன் குரல், மெதுவாக, பொறுமையாக: "சிரிச்சுக்கிட்டே மன்னிப்புக் கேளு." அவள் கேட்பாள். பூட்டு சரியாகிவிடும், ஆட்டம் ஐந்தாவது மாடிக்குப் போய்விடும்.

அந்த வரி என்னுடையது இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தன் புருஷன் சொன்னதாக அக்கா என்னிடம் சொன்னது. அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னாள். நான் அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று தெரியாதா? தெரியும். நாளைக்குக் கேட்கலாம், அடுத்த வாரம் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளி, எழுதி, குரல் பதிவு செய்து, கேமே முடிந்துவிட்டது.

மோசமான காட்சிகளைத் தொகுக்க கேம் அக்காவிடம் போனது. அவள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் மாடி, இரண்டாம் மாடி. நான்காவது மாடியில் அவள் கை நின்றது. எழுந்து ஜன்னலுக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. முதன்முறையாக அந்த நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்த இடத்தை மறுபடி ஓட்டினாள், வீடியோவாக எடுத்தாள், வாரியத்துக்கு அனுப்பினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு வாரம் எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

வாரியத்தில் அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டுக் கன்சோலுக்குப் பதினாறு வயது கொடுத்தார்கள். போன் கடைக்குப் பன்னிரண்டு வரும் என்று, வீடியோவை அனுப்பிய அன்றே அக்கா முதலாளியிடம் கணக்குச் சொல்லியிருந்தாள். அந்தக் கேள்வித்தாள் எண்ணுவது டிக்கைத்தான். கதவு மூடியிருக்கிறது, அடி கண்ணுக்குத் தெரியவில்லை, ஒரே ஒரு தடவை. மெஷினுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

ஆனால் போன் கடையிலிருந்து வந்தது பதினெட்டு.

முதலாளி தாம்தூம் என்று குதித்தார். "டிவில பதினாறு, போன்ல பதினெட்டா? எந்த ஊர் நியாயம்மா இது? நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேரு போன்லதானே விளையாடறாங்க!"

"வந்தது அதுதான் சார்" என்றாள் அக்கா. குரல் ஒரு மாதிரி இருந்தது. முதலாளி போனதும், பன்னிரண்டு ப்ளஸ் என்று அவள் சொல்லவும் இல்லை.

அவள் கைகழுவப் போயிருந்தபோது விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். குடும்பத்துக்குள் வன்முறை: நேரடியாகக் காட்டப்படுகிறது, டிக். அடிக்கடி வருகிறது, டிக். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரே பொய் சொன்னாலும் இவள் சொல்ல மாட்டாளே!

மாடிப்படியில் பிடித்து நிறுத்தினேன். "ஏன்க்கா? என் மேல கோபம்னா என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமே? கேம் மேல ஏன் காட்டறீங்க?"

"உன் மேல கோபம் தனியா இருக்கு. அது எங்கயும் போகாது" என்றாள். இரண்டு படி ஏறினாள், மூன்று படி இறங்கினாள். "என் பொண்ணுக்குப் பதிமூணு வயசு. அம்மா கேம், அம்மா கேம்னு மூணு வருஷமா உயிரை வாங்கறா. அவ போன்ல பன்னிரண்டு வரைக்கும் திறக்கும்னு நான்தான் பூட்டு வெச்சிருக்கேன். பதினெட்டு போட்டா திறக்காதுடி."

"அவளுக்குத் தெரியாதா?"

"என்னன்னு சொல்வேன்? அப்பாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகல, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மாசம் ஒரு தடவை அவர்கிட்ட போன்ல பேசறா. நல்லாத்தான் பேசறா. உன் கேம்ல அவர் குரல் இல்ல, ஆனா அவர் பேசற தினுசு அப்படியே இருக்கு. கண்டுபிடிச்சிடுவா. அப்புறம் எல்லாத்தையும் கேப்பா. இத்தனை வருஷமா பொய் சொன்னியான்னு கேப்பா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. "காட்சியை எடுத்துடறேன்க்கா. இன்னிக்கே."

"எடுத்தா வாரியத்துக்கு மறுபடி முதல்லேருந்து அனுப்பணும். தேதி போச்சு. போன்ல மட்டும் எடுத்தாலும் என் பொண்ணு சும்மா இருப்பாளா? சிநேகிதி வீட்டு டிவில பார்ப்பா. நான் போட்ட பதினெட்டும் அங்க பலிக்காது." இன்னும் ஒரு படி இறங்கினாள். "எடுன்னு நான் சொல்லலையே. நல்லாத்தான்டி எழுதியிருக்க. அதான் எரிச்சலா இருக்கு."

அன்று சாயங்காலத்துக்குள் அவளே அந்த டிக்குகளைத் திருத்தி அனுப்பிவிட்டாள். "நேத்து அனுப்பினதிலேருந்து தூக்கம் வரலடி. தப்பா ஒரு டிக் போட்டா செருப்புக்குள்ள கல்லு மாட்டின மாதிரி உறுத்துது" என்றாள். அரை நிமிடத்தில் பன்னிரண்டு வந்தது. முதலாளி எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஏன் முதலில் பதினெட்டு வந்தது என்று கேட்டதற்கு, "நான்தான் சார் தப்பா போட்டேன்" என்று மட்டும் சொன்னாள். பத்து வருஷத்தில் முதல் தப்பு என்று அவரும் மன்னித்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கும் சேர்த்து என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

கேம் கடைக்கு வர ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அவள் நடந்த நடையைச் சேர்த்தால் பக்கத்து ஊருக்கே போயிருக்கலாம். ஒரு நாள் வந்து, "பொண்ணுக்கு ஒரு லெட்டர் எழுதி வெச்சிடவா?" என்றாள். மறுநாள், "அவளுக்குப் பதினாறு ஆகட்டுமே, அந்த வாரியமே பதினாறுன்னுதானே சொல்லுது?" என்றாள். அதற்கு மறுநாள் அவளே, "கேம் வெளிய வந்து அவளா பார்த்துக் கேக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லிடணும். கேட்ட பிறகு சொன்னா அது பதில்தான். அவளுக்கு நான் பதில் சொல்லக் கூடாது, நானாப் போய்ச் சொல்லணும்" என்றாள். எதற்கு என்னிடம் இதையெல்லாம் சொல்கிறாள் என்று நினைத்தேன். வேறு யாரிடம் சொல்வாள், விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. அதுவும் ஒரு கொடுமைதான்.

திங்கட்கிழமை காலை வந்தாள். பையை மேஜை மேல் வைத்துவிட்டு, என் மேஜை ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் காட்சிக்குப் பிறகு அவளாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"சனிக்கிழமை சொல்லிட்டேன்" என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் மகளை எதிரே உட்காரவைத்து, போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் அடிப்பார் என்பதை. எத்தனை தடவை என்பதை. மகள் நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். முடிந்ததும், "தெரியும்மா" என்றாளாம். "நான் தூங்கின மாதிரி படுத்திருப்பேன்."

"அப்ப அவளுக்கு அஞ்சு வயசுடி. எட்டு வருஷமா மனசுல வெச்சிருக்கா. ஏன்டி சொல்லலன்னு கேட்டேன். நீ சொல்லல, அதனால நானும் சொல்லல, அப்படிங்கறா." அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. நானும் அழுதேன். ஆபீஸில் மற்ற ஏழு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மகராசன்கள்.

பிறகு மகள் அக்காவின் போனை நிமிர்த்தி, நாங்கள் அதில் சோதனைக்கு வைத்திருந்த கேமை விளையாடியிருக்கிறாள். நான்காவது மாடி வந்தது. அந்த வரி வந்தது. பூட்டைத் திருகிக்கொண்டே கேட்டாள். பூட்டு சரியாகி ஆட்டம் ஐந்தாவது மாடிக்குப் போனதும்தான் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது. மறுபடி நான்காவது மாடிக்கு இறங்கி, அந்தக் கதவைத் தட்டு தட்டென்று தட்டியிருக்கிறாள். கதவு திறக்காது. நான் திறக்கிற மாதிரி எழுதவில்லை.

"இது யாரும்மா எழுதினது?" என்று கேட்டாளாம். "அரைகுறையா எழுதி வெச்சிருக்காங்க. நாம வெளிய வந்தோமே, அது எங்க?"

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மூன்று வருஷம் எழுதினேன். அடியை எழுதினேன், மன்னிப்பை எழுதினேன். அக்கா ஐந்து வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டு இறங்கினாள் என்பது எனக்குத் தெரியும், கண்ணெதிரே தினம் நடக்கிறாளே. அது எழுதுகிற விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வந்த அந்த நாளை மகள் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். அதை அக்கா எனக்கும் சொன்னாள். கேட்கக் கேட்க என் கை தானாக நோட்டைத் தேடியது. பாழாய்ப்போன கை.

"அக்கா, அடுத்த அப்டேட்ல இதைச் சேர்த்துடலாம்க்கா. கதவு திறக்கட்டும். நான் இன்னிக்கே..."

"சேர்க்காத."

"இல்லக்கா, அவளே கேட்டாளே..."

"அவ என்கிட்ட கேட்டா. உன்கிட்ட கேக்கல." எழுந்து நின்றாள். "அடி வாங்கினதை நீ கேக்காம எடுத்துக்கிட்ட. போகட்டும். வெளிய வந்தது எங்க ரெண்டு பேரோடது. அதை எந்தக் கடையிலயும் எந்த வயசுக்கும் குடுக்க மாட்டேன்."

நோட்டை மூடினேன்.

அக்காவைப் பற்றி இப்படி எழுதலாமா என்று இந்தத் தடவை கேட்டேன். எழுதி அவளிடம் கொடுத்தேன். ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே படித்தாள். அவர்கள் வெளியே வந்த நாளைப் பற்றி, எனக்கே தெரியாமல், எட்டு வரி எழுதிவைத்திருந்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து ஏழு வரியை அடித்தாள். எட்டாவது வரியில் பேனா நின்றது. அது மகள் சொன்னது: "அன்னிக்கு நீ பயப்படவே இல்லம்மா."

"எனக்குப் பல்லு தந்தி அடிச்சுதுடி அன்னிக்கு" என்றாள் அக்கா. அந்த வரியை அடிக்காமல் தாளை என்னிடம் நீட்டினாள்.